பானக அணிக்கு விழுந்த ஒரே ஓட்டு

ஜார்ஜ்டவுன், பினாங்கு
தைப்பூசத்துக்கு முந்திய ஞாயிறு

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் குணாளன் அவர்களுக்கு,

இங்கு நான் நலம். தாசேக் கெலுகோரில் நீங்களும் அக்காவும் செம்பனைத் தோட்டமும், புதிதாக வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்ட ஆடுகளும் சுகமாக இருக்க தண்ணீர்மலையான் முருகனை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் தங்கை லோகேஸ்வரியும் அங்கே சுகமாகத்தான் இருப்பாள். புதன்கிழமை காலையில் ஃபெரி ஏறியவள் இதுவரை எனக்கு ஒரு வார்த்தை அனுப்பவில்லை. உங்களுக்குப் போன் பண்ணியிருக்கலாம். பண்ணினால் அவள் எடுத்துவிடுவாளோ என்ற பயத்தில், இல்லை, அப்படி ஒரு சங்கடம் வேண்டாம் என்ற எண்ணத்தில், கடிதமாக எழுதுகிறேன். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் தகர டின்களைத் தட்டிப் பார்த்துத் தரம் சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான். முக்கியமான சமாச்சாரத்தை எழுத்தில் வைப்பதே என் பழக்கம்.

சமாச்சாரம் இரண்டு. முதலாவது, என் வெற்றியை உங்களுக்குத் தெரிவிப்பது. இரண்டாவது, தைப்பூசத்துக்கு முன்னால் உங்கள் தங்கைக்கு நல்ல புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பி வைக்கச் சொல்லிக் கேட்பது. இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்பதால் முதலாவதிலிருந்தே வருகிறேன், கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி சாப்பிட்டுக்கொண்டே நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "தனபாலன், எந்த ஊரா இருந்தாலும் கடைசில ரெண்டு கட்சிதான் நிக்கும்லா. மூணாவதா வர்றவன் போட்டோவுக்கு நிக்கத்தான் சரி" என்றீர்கள். நான் அப்போது பதில் சொல்லவில்லை. வாயில் எலும்பு இருந்தது. ஆனால் அந்தப் பேச்சு மனதில் தைத்துவிட்டது. மக்கள் கையில் ஓட்டைக் கொடுத்த பிறகும் ஏன் இரண்டே பேருக்குள் அது சுற்றிச் சுற்றி வர வேண்டும்? நாட்டு அரசியலைப் பற்றி எழுதி உங்களைக் களைப்படையச் செய்ய மாட்டேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் அரசியலே எனக்குப் போதும்.

எங்கள் புளோக்கின் தண்ணீர்ப் பந்தல் உங்களுக்குத் தெரியும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலை ஓரத்தில் எங்களுக்கு ஒரே ஓர் இடம், ஒரே ஒரு நீல டிரம். ஆகவே ஒரே ஒரு பானம்தான் கொடுக்க முடியும். அது மோரா, பண்டோங்கா என்பதற்குத்தான் வருஷா வருஷம் தேர்தல். மோர் அணிக்குத் தலைவர் அப்புத்துரை ஐயா. பள்ளிக்கூடத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு தும்மலைக்கூட "முதற்கண்" என்றுதான் ஆரம்பிப்பார். பண்டோங் அணிக்குத் தலைவி சந்திரிகா. நாலாவது மாடியில் ஆன்லைனில் சேலை விற்கிறவர். ரோஸ் சிரப்பும் பாலும் கலந்து ஐஸ் போட்ட அந்தச் சிவப்புத் தண்ணீர் போட்டோவில் அழகாக விழும் என்பதுதான் அவருடைய கொள்கை.

ஓட்டுப் போடும் முறையை நீங்கள் பார்த்ததில்லை. பந்தலில் வேலை செய்ய வரும் ஒவ்வொருவருக்கும் ஓர் எலுமிச்சம்பழம். காவல் அறைக்குள் துணி போர்த்திய இரண்டு பிஸ்கட் டின்கள் இருக்கும். தனியாக உள்ளே போய், வேண்டிய டின்னில் பழத்தைப் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். எண்ணுவது எங்கள் காவலர் ஹஸ்ருல். அவனுக்கு ஓட்டு இல்லை, ஆகவே அவன் மேல் எல்லோருக்கும் நம்பிக்கை. எண்ணி முடித்தவுடன் ஓட்டுகளை எல்லாம் பிழிந்து, சீனி போட்டு, ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் சேர்ந்து குடித்துவிடுவோம். அதனால் எங்கள் புளோக்கில் மறு எண்ணிக்கை என்ற பேச்சுக்கே இதுவரை இடம் வந்ததில்லை. ஒரே ஒரு வருஷம் இரண்டு டின்னிலும் சமமாக விழுந்து, கூட்டணி என்று சொல்லி மோரையும் பண்டோங்கையும் ஒரே டிரம்மில் ஊற்றினார்கள். ரோஸ் நிறத்தில் திரிந்துபோன அதைக் குடித்த காவடிக்காரர்கள் அதையும் நேர்த்திக்கடனில் சேர்த்துக்கொண்டு மலை ஏறினார்கள்.

சரி, ஏன் இரண்டே அணி என்று அப்புத்துரை ஐயாவிடம் ஒரு நாள் நேராகவே கேட்டேன். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "முதற்கண், டின் ரெண்டுதானே இருக்கு" என்றார். மச்சான், அந்த நிமிஷம் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. முப்பது வருஷம் டின்னோடு வாழ்ந்தவனிடமா டின் இல்லை என்கிறார்? அன்று மாலையே ஹரி ராயாப் பெருநாளுக்கு வந்த பிஸ்கட் டின்னைக் கழுவிக் காய வைத்து, மேலே காகிதம் ஒட்டி, பானக அணியைத் தொடங்கினேன். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. முருகனுக்கே உகந்த பானம். பால் இல்லை, அதனால் திரியாது. ஐஸ் வேண்டாம், அதனால் தொண்டை கட்டாது. பினாங்கு வெயிலில் மலை ஏறுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும், சொல்லுங்கள்!

வீடு வீடாக ஒரு கூஜாவைத் தூக்கிக்கொண்டு போனேன். பன்னிரண்டு மாடி, லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. குடித்த ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. ஆறாவது மாடி குணவதி இருக்கிறாரே, மூன்று தம்ளர் குடித்தார், நாலாவதைத் தம்பிக்கு என்று வாங்கி அதையும் அவரே குடித்தார். குடித்துவிட்டு, "அண்ணே, சத்தியமா சொல்றேன், என் மனசு பானகத்துக்குத்தான். ஆனா ஓட்டு பண்டோங்குக்குத்தான்ணே" என்றார். நான் ஆடிப்போய்விட்டேன். "ஏம்மா?" என்று கேட்டால், "பானகம் எங்கண்ணே ஜெயிக்கப் போவுது? ஒங்களுக்குப் போட்டா என் ஓட்டு வேஸ்ட்டா போய்டும். அந்தச் சந்துல மோர் உள்ள வந்துரும். எனக்கு மோர் ஆவாது, சளி பிடிச்சுக்கும்" என்கிறார். "எல்லாரும் போட்டா ஜெயிக்கும்லம்மா!" "எல்லாரும் போட்டா நானும் போடுறேன்ணே. மொதல்ல அவங்கள போடச் சொல்லுங்க." அடுத்த வீட்டில் போய்க் கேட்டால் அவரும் மனதால் பானகம், ஆனால் பண்டோங் வந்துவிடக் கூடாது, அதனால் மோர். பன்னிரண்டு மாடியிலும் இதே கதை. யாரும் தனக்குப் பிடித்ததற்கு ஓட்டுப் போடவில்லை, மச்சான். பிடிக்காததைத் தடுப்பதற்குத்தான் போடுகிறார்கள். தடுப்பதற்கு எது பெரிய சுவராக இருக்கிறதோ அதன் பின்னால் போய் நின்றுகொள்கிறார்கள். மூன்றாவது வருகிறவனைப் பார்த்து, பாவம், நல்ல மனுஷன் என்று தம்ளரைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். இரண்டு கட்சி ஏன் காலகாலமாக நிற்கிறது என்ற கேள்விக்குப் பதில் அன்றைக்கு ஒன்பதாவது மாடிப் படிக்கட்டில் எனக்குக் கிடைத்தது. மூச்சும் வாங்கியது. மொத்தத்தில் எல்லோரும் கோழைகள் என்று முடிவு கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

ஆனாலும் அவர்கள் ஆடிப்போனார்கள் என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அப்புத்துரை ஐயாவும் சந்திரிகாவும், என் டின் வந்த இரண்டாம் நாள் கீழே கோப்பிக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்து தே தாரே டீ குடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்! மறுநாள் ஐயா வீட்டுக்கு வந்தார். "தம்பி, முதற்கண், உங்கட கருத்த நாங்க மதிக்கிறம். இந்த வருஷம் மோரில இஞ்சி சேர்க்கப் போறம். நீங்க உபதலைவரா வாங்கோ" என்றார். அவர் செருப்பு மாட்டிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் சந்திரிகா வந்து, "அண்ணே, இந்த வாட்டி பண்டோங்ல சீனி இல்ல, குலா மலாக்காதான் போடப் போறோம். அதுவும் வெல்லந்தானே? அப்புறம் பானகம் எதுக்குலா?" என்றார். கவனித்தீர்களா? என் கொள்கையைத் துண்டு போட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள், என்னைத்தான் வேண்டாம் என்றார்கள். இரண்டு பேரையும் கும்பிட்டு அனுப்பினேன். விலை போகாத மனிதன் என்று நான் என்னைச் சொல்லிக்கொண்டால் அது தற்பெருமை ஆகாது என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். மோர் அணி ஜெயிக்கும் வருஷங்களில் டிரம் டிரம்மாக மோர் கடைவது லோகேஸ்வரிதான் என்பது ஊரறிந்தது. அவள் கைப்பக்குவத்தில்தான் அந்த அணியே நிற்கிறது. அவள் இல்லாவிட்டால் அப்புத்துரை ஐயாவிடம் முதற்கண் மட்டும்தான் மிஞ்சும். அதனால் தேர்தலுக்கு முதல் நாள், இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் ஜாடையாக, "நாளைக்கு ஒன் ஓட்டு?" என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஓட்டு ரகசியங்க" என்றாள். கட்டின புருஷனிடம் சொல்லும் பதிலா இது? மோருக்குத்தான் என்று எனக்கு அப்போதே புரிந்துபோயிற்று.

செவ்வாய்க்கிழமை தேர்தல். எல்லோரையும் போல நானும் என் எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, உள்ளே போய் வந்தேன். வெளியே எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, ஹஸ்ருல் டின்களைத் தூக்கி வந்தான். மோர் நாற்பத்திரண்டு. பண்டோங் நாற்பத்து மூன்று. சந்திரிகா பக்கம் கைதட்டல் ஓய்ந்த பிறகு என் டின்னைக் கவிழ்த்தான். ஒரே ஒரு பழம் உருண்டு வந்து மேசை ஓரத்தில் நின்றது. அவன் டின்னைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே எட்டியும் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒண்ணு சாஜாலா" என்றான். ஒன்றுதான், வேறில்லை என்று அவன் சொன்னது எனக்கு ஆறுதலா கேலியா என்று தெரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "தன் ஓட்ட தானே போட்டுக்கிட்டாருலா!" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

நான் எழுந்தேன், மச்சான். கோபம் வந்தால் எனக்குத் தமிழ் தானாகவே நன்றாக வரும். "பயந்தவர்களுக்கு இரண்டு டின் போதும்! இந்தப் புளோக்கில் முதுகெலும்போடு விழுந்த ஓட்டு இந்த ஒன்றுதான்! அது யாருடைய ஓட்டு என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முன்வரிசையில் உங்கள் தங்கை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இருபத்தெட்டு வருஷம் என் வீட்டில் சாப்பிட்ட ஒருவர்கூட எனக்கு ஓட்டுப் போடவில்லை" என்று அத்தனை பேருக்கும் நடுவில் சொல்லிவிட்டேன். சமைத்ததும் அவள்தான் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஓட்டுச் சாறு ஊற்றிக் கொடுத்தார்கள், அவள் குடிக்காமல் எழுந்து போனாள். மறுநாள் விடிந்ததும் ஒரு பையில் நாலு சேலையும், மோர் கடைகிற மத்தும் எடுத்துக்கொண்டு ஃபெரி ஏறிவிட்டாள். மத்தை எதற்கு எடுத்துப் போனாள் என்று நீங்கள் சமயம் பார்த்துக் கேட்டுச் சொல்ல வேண்டும்.

அப்புத்துரை ஐயாவின் ஆத்திரம் வேறு விதம். மறுநாள் லிஃப்ட் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, "முதற்கண், எங்கட மோர் தோத்தது உங்களாலதான். அந்த ஒரு பழம் எங்கட டின்னில விழுந்திருந்தா சமமா வந்திருக்கும்" என்று சத்தம் போட்டார். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது! ஒரே ஓர் ஓட்டை வைத்துக்கொண்டு எண்பத்தைந்து ஓட்டுக்காரர்களை நிம்மதி இழக்க வைத்திருக்கிறேன் என்றால் சும்மாவா? மூன்றாவதாக வருகிறவன் போட்டோவுக்கு நிற்பவன் என்றீர்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள்? ஜெயிப்பதற்காக மட்டும்தான் நிற்க வேண்டுமா? மனதுக்குப் பட்டதை, தோற்கும் என்று தெரிந்தே, தனியாக ஒரு டின்னில் போட்டுவிட்டு நிமிர்ந்து வெளியே வருவதற்கு ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் எங்கள் வீட்டில் இருக்கிறது என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை. இதை உங்கள் தங்கைக்கு மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். தன் வீட்டில் எப்பேர்ப்பட்ட மனசாட்சி குடியிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தால் உடனே திரும்பி வருவாள்.

நான் அவளை மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லலாம். வீடு வீடாகவே இல்லை. பால் தினமும் பொங்கி அடுப்பில் வழிகிறது. நான் பேசுவதற்கு "சரிசரி" என்று சொல்ல ஆள் இல்லை. அந்தச் சரிசரி இல்லாமல் என்னால் ஒரு கருத்தைக்கூட முழுதாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. தைப்பூசத்தன்று அவள் இல்லாமல் மலை ஏறி நான் என்ன வேண்டிக்கொள்வேன்? வந்துவிடச் சொல்லுங்கள், மச்சான்.

அக்காவின் முட்டிவலிக்கு என் அனுதாபம். ஆடுகளுக்கு மழையில் நனையாமல் கூரை போடவும். முருகன் உங்கள் குடும்பத்துக்கு ஆயுளும், செம்பனைக்கு நல்ல விலையும், ஓட்டுப் போடும் அனைவருக்கும் துணிச்சலும் தர வேண்டுமாய்ப் பிரார்த்திக்கும்,

தங்கள் அன்பு மைத்துனன்
தனபாலன்
நிறுவனர், தலைவர், பானக அணி

பி.கு.: மச்சான், உறையை ஒட்டிவிட்டு, ஒட்டிய பெருமையில் லோகேஸ்வரிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினேன். "உன் அண்ணனுக்கு எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறேன், அந்த ஒரே ஓட்டின் அருமை இனி உங்கள் குடும்பத்துக்கே தெரியும்" என்று. ஐந்து நாளாக வாய் திறக்காதவள் உடனே குரலில் பதில் அனுப்பினாள். அப்படியே எழுதுகிறேன்: "அந்த டின்னுல இருந்தது ஒரே ஒரு பழம். அத போட்டது நான். அப்ப நீங்க போட்ட பழம் எங்கங்க?"

அவ்வளவுதான். ஏச்சு இல்லை, அழுகை இல்லை. பின்னால் உங்கள் ஆடு கத்துவது மட்டும் கேட்டது.

உறையைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். காவல் அறைக்குள் போகும்வரை நான் பானகம்தான், மச்சான், முருகன் மேல் ஆணை. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, தொடர்ந்து மூன்றாவது வருஷமும் ஜெயித்து அப்புத்துரை ஐயா ஒரு மணி நேரம் முதற்கண் சொல்லப்போகும் காட்சி கண் முன்னால் வந்தது. பானகம் எப்படியும் ஜெயிக்காது, ஓட்டு வீணாகிவிடும், அந்தச் சந்தில் மோர் வந்துவிடும் என்று தோன்றியது. கை தானாகப் பண்டோங் டின்னுக்குப் போய்விட்டது. ஆக, பண்டோங்கை ஜெயிக்க வைத்த அந்த ஓர் ஓட்டு என்னுடையது. என் டின்னில் விழுந்த பழம் ஹஸ்ருல் இரக்கப்பட்டுப் போட்டதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவனுக்கு ஓட்டே இல்லை என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். தன் கைமோரே தோற்கும் என்று தெரிந்தும் எனக்குப் போட்டவள், பழம் ஒன்றுதான் என்று ஹஸ்ருல் சொன்ன அந்த நொடியிலேயே என் பழம் எங்கே போனது என்று கண்டுபிடித்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் நான் எழுந்து நின்று பேசினேன். அவள் அத்தனை பேர் முன்னாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆகவே, இந்தக் கடிதத்தில் தைரியம், முதுகெலும்பு, மனசாட்சி என்று வரும் இடங்களில் எல்லாம் உங்கள் தங்கையின் பெயரைப் போட்டுப் படிக்கவும். கோழை என்று வரும் இடத்தில் என் பெயர். பெருமை என்று எழுதியதை மட்டும் மாற்ற வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும், இப்போது இரண்டு மடங்கு. நாளைக் காலை முதல் ஃபெரியில் நானே அங்கே வருகிறேன். அனுப்பி வைக்க வேண்டாம். நான் கேட்டு, அவள் சம்மதித்தால், கூட்டி வருகிறேன். தலைவர் பதவியையும் அவளிடமே ஒப்படைக்கப் போகிறேன்.

அடுத்த வருஷம் பானக அணிக்கு ஓர் ஓட்டு உறுதி. இரண்டாவது ஓட்டைப் பற்றி அந்த ஆளிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.